யார் தின்ற இலை

ஜூன் 4, ஞாயிறு

சாரல் இறங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் எங்கள் பூங்கா வாசலில் நின்று, உள்ளே கழிப்பறை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகின்றன. வண்ணத்துப்பூச்சி இருக்கிறதா என்று கேட்டவர் இன்று ஒரே ஒரு ஆள். அவரும் மழை பிடித்துக்கொண்டதால்தான் உள்ளே வந்தார்.

பூங்காவை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் ஆகஸ்டில் வலைக்கூண்டைத் திறந்தே ஆகவேண்டும் என்கிறார்கள். ஜனங்கள் உள்ளே நடக்க, தலைக்கு மேல் ரோஜா அழகிகள் பறக்கவேண்டுமாம். கறுப்புச் சிறகு, சிவந்த உடம்பு, பார்க்க ராணி மாதிரி இருக்கும் பூச்சி. பறக்கவிடலாம்தான். ஆனால் அதன் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. பூங்காவில் உள்ள கொடி போதவில்லை. வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் நான் ஏற்றிவிட்டிருக்கும் கொடிதான் கையிருப்பு. அது இந்த வருடம் தேறவே மாட்டேன் என்கிறது. துளிர்க்கிறது, மறுநாள் மொட்டையாக நிற்கிறது.

பூங்காவில் கொடிக்கு அடியில் பழைய வேட்டியை விரித்துவைப்போம். காலையில் அதில் விழுந்து கிடக்கும் புழுக்கையைப் பார்த்தாலே மேலே எத்தனை புழு, எவ்வளவு பெரிது, என்ன பசி என்று சொல்லிவிடலாம். இலையைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. வீட்டில் இந்த வித்தை பலிப்பதில்லை. நான் அடுப்படியில் நிற்கும்போதே இவர் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீரும் தெளித்துவிடுகிறார். துடைப்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர், சித்திரையிலிருந்து திடீரென்று திருந்திவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா வெளிப்படையாகவே பொறாமைப்படுகிறாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 7

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். இவருக்கு இன்று பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு. என்னைக் கூட்டிப்போக வந்தவர், பிள்ளைகளுக்குப் பின்னால் கைகட்டி நின்று நான் பேசுவதைக் கேட்டார்.

நான் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். இந்த இலையில் விஷம் உண்டு, ஆடு மாடு சீந்தாது. புழு மட்டும் தின்னும். தின்று, அந்த விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். புழு கூட்டுப்புழுவானாலும், பூச்சியாகிப் பறந்தாலும் விஷம் கூடவே போகும். எந்தக் குருவியும் தொடாது. அதனால்தான் ரோஜா அழகி யாருக்கும் பயப்படாமல் மெதுவாகப் பறக்கிறது. நல்ல நேரம், ஒரு கரிச்சான் குருவி வந்து நிரூபித்துக் காட்டியது. புதுக் குஞ்சு போலிருக்கிறது, அனுபவம் இல்லை. பூச்சியைப் பிடித்த வேகத்தில் துப்பிவிட்டு, அலகைக் கம்பியில் தேய் தேய் என்று தேய்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பூச்சி சிறகு கொஞ்சம் கிழிந்து, தன் பாட்டுக்குப் பறந்துபோனது.

கறிவேப்பிலைச் செடியில் வளரும் வேறொரு பூச்சியின் பெட்டையையும் காட்டினேன். விஷம் துளியும் கிடையாது. ரோஜா அழகி மாதிரியே உடுத்திக்கொண்டு குருவிகளை ஏமாற்றும். இந்தக் கதைக்குத்தான் எப்போதும் சிரிப்பு அதிகம்.

வண்டியில் திரும்பும்போது இவர் கேட்டார்: "பொழுதன்னைக்கும் வெசத்தத் திங்குது, அதுக்கு ஒண்ணுமே ஆகாதா?"

"ஆகாது. அதுக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் காவல்."

"கெட்டிக்காரப் புழுதான்" என்றார். என் வேலையைப் பற்றி இவர் கேள்வி கேட்டதே அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது. வழியில் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 9

மாவு புளித்துவிட்டது என்று ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். நான் ஆறு தின்றேன். மாவு புளிக்கவில்லை.

ஜூன் 15

இவருடைய முட்டுவலி குறைந்திருக்கிறது. மாசியில் மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று தடவை முருகனைக் கூப்பிட்டார். இப்போது கூப்பிடுவதில்லை. தைலம் மாற்றினேன் என்கிறார். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை தடவை கிளட்ச் மிதிப்பு! முட்டு என்ன இரும்பா? சீசன் கூட்டம் வேறு. பஸ் முதலாளி ஐம்பது தாண்டிய டிரைவர்களை டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறாராம். அதற்குள் வலி குறைந்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு மாதிரி வெளுத்துத் தெரிகிறார். வெயிலே இல்லாத மாதம், யார்தான் வெளுக்கவில்லை.

காலையில் தானே சுக்குத்தண்ணி போட்டு பிளாஸ்கில் எடுத்துப் போகிறார். துடைப்பம், இப்போது அடுப்பு. இன்னும் என்னென்ன கற்றுக்கொள்வாரோ.

ஜூன் 22

வீட்டுக் கொடி மறுபடி மொட்டை. இருந்த புழுக்களில் பாதியைப் பட்டினி கிடக்க வேண்டாம் என்று பூங்காவுக்கு மாற்றினேன். மிச்சத்தை வாய்விட்டே திட்டினேன். "நாலு பேரு இருந்துக்கிட்டு நாப்பது பேரு சாப்பாட்டத் திங்கிறீகளே, வயிறா வண்ணாந்தாழியா?"

சில காம்புகள் நகத்தால் கிள்ளியது போல ஒரே வெட்டாக இருந்தன. பெரிய புழு சில நேரம் காம்பையே கடித்துத் துண்டித்துவிடும். அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 30

சொர்ணம் மதினி வந்திருந்தாள். இவருடைய அக்கா. வந்ததும் வராததுமாக, "என்னடா நயினாரு, ரத்தமே இல்லாம இருக்க? இவ உனக்குச் சோறு போடுதாளா, இல்ல புழுவுக்குத்தான் போடுதாளா?" என்றாள். மதினிக்கு என் வேலை மேல் என்றைக்குமே மரியாதை கிடையாது. பூச்சி மேய்ப்பவள் என்றுதான் ஊரில் சொல்வாள்.

இவர் அவளிடம் எரிந்து விழுந்தார். அக்காவிடம் இவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மதினி முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

ராத்திரியில் பலமுறை எழுந்து பாத்ரூம் போகிறார். சர்க்கரையாக இருக்கும் என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார்.

ஜூலை 8

ஆலங்குளம் தாண்டி இவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. அந்த நிலையிலும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். பயணிகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. கண்டக்டர் இரண்டு தடவை சொல்லி அழுதார்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் பாதிதான் இருக்கிறது. கிரியாட்டினின் ஒன்றுக்குள் இருக்கவேண்டியது ஏழு. சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்கின்றன. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தமும் பெரிதாக இல்லை.

டாக்டர் பர்வீன் என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நிதானமாகக் கேட்டார். "வலி மாத்திரை சாப்பிடுவாங்களா?"

"எப்பவாவது."

"நாட்டு மருந்து, கஷாயம், லேகியம், அந்த மாதிரி எதாவது?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர். நான் விலங்கியல் படிச்சவ. எங்க வீட்டுல அதெல்லாம் நடக்காது."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அசதி.

ஜூலை 10

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். மகள் கோமதி கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். பரீட்சை இருக்கிறது, அப்பாவிடம் இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன்.

ஜூலை 14

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். முற்றம் பெருக்காமல் குப்பையாகக் கிடக்கிறது. கொடி மட்டும் சுவர் முழுக்கப் படர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருக்கிறது. நான் கெஞ்சியபோதெல்லாம் வராத இலை, பறிக்க நேரமில்லாத நேரத்தில் வந்து நிற்கிறது. நல்ல சாரல். ஒரு பை நிறையப் பறித்துப் பூங்காவில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 17

காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன், கொஞ்சம் கடுப்போடு. படித்தவர்கள் கூட நம்மைப் பார்த்ததும் கஷாயக்கேஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மதினி திருச்செந்தூர் இலை விபூதி பூசிவிட்டுப் போனாள். அழுதாள். "பூச்சி மேய்ப்பவள்" என்று இன்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

ஜூலை 19

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தேன். பெருக்கலாம் என்று துடைப்பத்தை எடுத்தேன். கொடிக்கு அடியில் புழுக்கை கிடந்தது, மிளகைக் கொட்டியது போல. இத்தனை நாள் யாரும் பெருக்காததால் எல்லாம் அப்படியே கிடந்தது. மேலே நாலு புழு, நன்றாக வளர்ந்தவை. புழுக்கைக்கும் புழுவுக்கும் கணக்கு சரியாக இருந்தது. தின்ற இலைக்கும் சரியாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் அரித்திருந்தன. மற்றபடி கொடி சுவர் நிறைய இருக்கிறது.

போன மாதமும் நாலு புழுதான். அப்போது கொடி மொட்டை.

துடைப்பத்தோடு அப்படியே நின்றேன். புழு தின்றால் புழுக்கை விழவேண்டும். மொட்டையாகும் அளவுக்குத் தின்றால் முற்றமே கறுத்திருக்கவேண்டும். விழுந்ததா விழவில்லையா என்று நான் பார்த்ததே இல்லை. நான் அடுப்படியிலிருந்து வரும்முன் முற்றம் ஈரமாக இருக்கும். நகத்தால் கிள்ளியது போல் இருந்த காம்பு நகத்தால் கிள்ளியதுதான்.

உள்ளே போனேன். பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்க் கழுவாமல் அலமாரியில் இருந்தது. திறந்து மோந்தேன். சுக்கு வாடை, மிளகு வாடை, அதற்கு அடியில் ஈஸ்வரமூலி வாடை. கசக்கினால் வரும் அந்த நெடி. பல வருடமாக என் கையில், புடவையில், தலைமுடியில் இருக்கிற நெடி. இந்த வீட்டில் வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். நான் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னுடைய வாடை என்று நினைத்திருக்கிறேன்.

பிளாஸ்கைப் பைக்குள் வைத்தேன். முற்றத்தைப் பெருக்கவில்லை.

ஜூலை 20

கோமதியை டீ வாங்க அனுப்பிவிட்டு, பிளாஸ்கைக் கட்டில் மேல் வைத்தேன். இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னைக்கிருந்து?"

"சித்திரைல இருந்து."

"ஏன்?"

"முட்டு உயிர் போச்சுட்டி சக்தி. கிளட்ச மிதிச்சா கண்ணுல தண்ணி வரும். வலின்னு தெரிஞ்சா வண்டிய வாங்கிருவாவ. ஷெட்டுல உக்காந்து டயருக்குக் காத்தடிக்கச் சொல்லுவாவ. அந்தப் பொழப்பு எனக்கு ஆகாது."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா விட்டுருப்பியா?"

"இதக் குடிக்கச் சொன்னது யாரு?"

"ஈஸ்வரமூலி முட்டுக்குக் கேக்கும்னு ஷெட்டுல ஒருத்தர் சொன்னாரு. நான் முழுசா நம்பல. பெறவு நீ பிள்ளைகளுக்குச் சொன்னத யோசிச்சேன். புழுவுக்கு ஒரு நோவு கிடையாது, குருவி கூடத் தொடாதுன்ன. அதுக்கு முந்தி நாலு நாளைக்கு ஒருக்கத்தான் குடிச்சேன். நீ சொன்ன பெறவு தெனமும் குடிச்சேன். வலியும் கொறஞ்சிச்சுட்டி, பொய் சொல்லல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆஸ்பத்திரியையே கூட்டியிருப்பேன். பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"அது வெசம்னும் சொன்னேனே. அது காதுல விழலியா?"

"விழுந்திச்சு. கசப்பாத்தான் இருந்திச்சு. மருந்துன்னா கசக்கத்தான செய்யும்?"

"குருவி ஒரு கொத்துக் கொத்திட்டு, கசந்த உடனே துப்பிருச்சு. நீங்களும் பாத்தீகள்லா? நீங்க ஏன் துப்பல?"

அவர் பிளாஸ்கைத் தள்ளிவைத்தார். கையை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் பிடித்தேன்.

பிறகு டாக்டர் அறைக்குப் போனேன். "நான் சொன்னது தப்பு டாக்டர்" என்று ஆரம்பித்து, கொடியின் பெயரைத் தமிழிலும் லத்தீனிலும் சொன்னேன். லத்தீன் பெயர் பாதி வரும்போதே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சதைப் பரிசோதனை முடிவும் காலையில்தான் வந்ததாம். அவருக்கும் அந்தச் சந்தேகம்தான். சிறுநீரகத்துக்குள் வடு கட்டியிருக்கிறது, அந்த இலையின் அமிலம் செய்கிற வேலை அது.

"மொதல் நாளே தெரிஞ்சிருந்தா எல்லாம் சரியாகியிருக்கும்னு சொல்ல மாட்டேன்மா. இருட்டுல தேடிட்டு இருந்திருக்க மாட்டோம். போன பாகம் திரும்பி வராது. மிச்சத்தக் காப்பாத்தப் பாப்போம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 21

கொடியை வேரோடு பிடுங்கிவிடப் போகிறேன் என்று சொன்னேன். "நாலு புழு கெடக்குன்னியே" என்றார்.

ஜூலை 30

டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். சிறுநீர் இறங்குகிறது. டம்ளரில் அளந்து கோமதி எழுதிவைக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இப்போது நல்ல செய்தி என்றால் அதுதான்.

ஆகஸ்ட் 6

வீட்டுக்கு வந்துவிட்டோம். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். கிரியாட்டினின் மூன்றரையில் நிற்கிறது. நிற்பதே பெரிது என்கிறார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரை, உப்புக் குறைவு, வாழைப்பழம் கூடாது. வருடா வருடம் ஸ்கேன், ஏனென்றால் அந்த விஷம் புற்றுநோயையும் விதைத்துவிட்டுப் போகக்கூடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இவர், "ஸ்டியரிங் பிடிக்கலாமா டாக்டர்?" என்றார். டாக்டர் கூடாது என்று தலையை ஆட்டினார். தன்னிடமிருந்த மாற்று பஸ் சாவியில் மாட்டியிருந்த பிள்ளையார் டாலரைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாவியை, கூட்டிப்போக வந்திருந்த கண்டக்டரிடம் கொடுத்தார். நான் கார் கதவைத் திறப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

கொடி இருக்கிறது. அந்த நாலும் கூட்டுப்புழுவாகிவிட்டன. கொடியைப் பிடுங்கவில்லை. முடிவு செய்து விட்டுவைத்தேன் என்று சொல்லமுடியாது. பிடுங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வலைக்கூண்டு திறப்புவிழா. மைக், வாழைமரம், கேசரி. வீட்டுக் கொடியில் வளர்ந்த நாலும் கூண்டுக்குள் பறந்தன. இவர் வேட்டி கட்டி, பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் இன்னும் வெளுப்புதான்.

பிள்ளைகள் முன்னால் மைக்கைப் பிடித்தேன். எப்போதும் சொல்வதுதான், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். விஷத்தைப் புழு தின்னும், சேர்த்து வைக்கும், எந்தக் குருவியும் தொடாது என்பது வரை வந்தேன். 'புழுவுக்கு ஒன்றும் ஆகாது' என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. டிரஸ்ட்காரர் மைக் கெட்டுவிட்டதோ என்று ஒயரை ஆட்டினார்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல், கையைத் தூக்கினாள். "டீச்சர், அந்த இலைய நாம தின்னா, நம்மளயும் எதுவும் கடிக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. "நான் தின்னேன் தாயி."

சிரிப்பு அடங்கியது. இவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். முட்டு மறுபடி வலிக்கத் தொடங்கியிருக்கிறது. மெதுவாகத்தான் எழுந்தார்.

"புழுவுக்கு அதப் பத்திரமா வச்சுக்கிடத் தெரியும். நம்ம உடம்புக்குத் தெரியாது. எனக்குக் கிட்னி ரெண்டும் போச்சு, கொஞ்சூண்டுதான் மிச்சம். கசந்திச்சுன்னா துப்பிரணும், என்ன?"

"துப்பிருவோம்" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். இவர் உட்கார்ந்தார். ஊர் முன்னால் இப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது. நான் மைக்கை வைத்துவிட்டுப் போய், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திறப்புவிழா அது பாட்டுக்கு நடந்தது.

ஆகஸ்ட் 28

காலையில் முற்றம் பெருக்குவதை இவர் மறுபடி எடுத்துக்கொண்டார். சும்மா உட்காரமுடியவில்லை என்கிறார். சரி, ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். நான் பார்ப்பதற்கு முன் கொடிக்கு அடியில் துடைப்பம் படக்கூடாது.

இன்று பாலை அடுப்பில் வைத்திருந்தேன், வாசலிலிருந்து சத்தம். "ஏட்டி சக்தி, வந்து பாத்துட்டுப் போ. பெருக்கணும்."

"பால் பொங்கிரும். நீங்க பெருக்குங்க."

"பொங்கட்டும். நீ வந்து பாரு."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். துடைப்பத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கொடிக்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். புதிதாக முட்டையிலிருந்து வந்த புழுக்கள், கடுகு அளவில் புழுக்கை. மேலே அண்ணாந்து இலைகளையும் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

"பெருக்குங்க" என்றேன்.